கட்டையில கட்டின பெட்டி

அன்பு மகன் தம்பிக்கு,

நாங்கள் சுகம், நீயும் பிள்ளையளும் எப்பிடி, உங்க இன்னும் குளிரோ. இங்க பெரும்போக வெட்டு முடியிற மட்டில நிக்குது, விசுவமடு ரோட்டுக் கரையெல்லாம் நெல் காயுது.

நான் எழுத வந்தது வேற கதை. நீ விட்டிட்டுப்போன லப்டொப்பை வச்சு ஞாயிறு பின்னேரங்களில முன்பள்ளிக் கட்டிடத்தில மாதர் சங்க ஆக்கள் ஏழு பேருக்கு எக்ஸெல் சொல்லிக் குடுக்கிறன். சிரியாதை. பற்றரி செத்துப்போச்சு, கரண்ட் நிண்டா எல்லாம் போச்சு, அதால அவை முதல் பழகினதே கொன்ட்ரோலோட எஸ் அமத்திச் சேமிக்கிறதுதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில விரிதாள், கலம், சூத்திரம் எண்டெல்லாம் இருக்காம், நாங்கள் கலத்தைப் பெட்டி எண்டுதான் சொல்லுறம்.

முதல் நாள் சந்தாக் காசை அடிக்கச் சொன்னன். எல்லாரும் 200/= எண்டு அடிச்சிச்சினம், சிட்டையில நாங்கள் அப்பிடித்தானே எழுதிறம். கீழ சமன் போட்டு சம் எண்டு அடிச்சு அடைப்புக்குறிக்குள்ள பி2, ரெண்டு புள்ளி, பி8 எண்டு குடுத்தா விடை பூச்சியம். எனக்கே தலை சுத்திட்டுது. பிறகுதான் கண்டன், எண் எண்டா பெட்டியில வலப்பக்கம் ஒட்டி நிக்கும், இது எல்லாம் இடப்பக்கம் நிக்குது, அந்த /= ஆல அது சொல்லாப் போச்சு, சம் சொல்லைக் கூட்டாது, சத்தம் போடாமல் விட்டிட்டுப் போயிடும். ஒராள் மட்டும் அப்பிடி அடிச்சிருந்தா 200 ரூபா குறைஞ்ச மொத்தத்தை நாங்கள் சரியெண்டு நம்பியிருப்பம், யோசிச்சுப் பார்.

ஒரு அக்கா கல்குலேட்டரில கூட்டி மொத்தத்தைக் கையால அடிச்சுப்போட்டு, என்ர விடையும் உன்ர விடையும் ஒண்டுதானே பிறகென்னத்துக்கு இந்தக் கரைச்சல் எண்டு கேட்டா. நான் ஒண்டும் சொல்லேல்லை. எல்லாரும் ஒரு 200ஐ 250 ஆக்குங்கோ எண்டன். மற்ற ஆக்களின்ர மொத்தம் தானா மாறிச்சு, அவாவின்ர அப்பிடியே நிண்டுது. அவா கன நேரம் அதையே பாத்துக்கொண்டிருந்தா. நான் சங்கக் கடையில கணக்கு எழுதின காலத்தில ஒரு எண் பிழைச்சா பக்கம் முழுக்க வெட்டி எழுதினது நினைவு வந்துது. ஒரு வாத்தியார் கரும்பலகையில அப்பிடி அழிச்சு அழிச்சு எழுதினதைப் பாத்துத்தான் ஒரு மாணவனுக்கு யோசினை வந்து 1979இல விசிகல்க் எண்ட விரிதாள் புரோகிராம் வந்தது எண்டு நீதானே சொன்னனி.

நெல்லுக் கணக்குத்தான் கஷ்டப்பட்டது. கிலோ விலை 120 எண்டு வச்சு அதை இ1இல போட்டம், ஒவ்வொராளின்ர கிலோவையும் அதால பெருக்கோணும். முதல் வரி சரி, அந்தச் சூத்திரத்தைக் கீழ இழுத்தா எல்லாம் பூச்சியம். இழுக்க இழுக்க இ1, இ2 ஆகி இ3 ஆகி வெறும் பெட்டியளுக்குப் போயிடுது. டொலர் அடையாளம் போடோணும் எண்டன். உடன ஒரு பிள்ளை, ஏன் மாமி எங்கட ரூபா செல்லாதோ எண்டு கேட்டிச்சு, சிரிப்பு அடங்க அஞ்சு நிமிஷம். நான் சொன்னன், மாட்டைக் கட்டையில கட்டினா நிக்கும், கட்டாட்டி வேலி பாஞ்சு பக்கத்து வயலுக்குப் போகும், இந்த டொலர்தான் கட்டை. இயுக்கு முன்னால ஒரு கட்டை, 1க்கு முன்னால ஒரு கட்டை. இப்ப ஆரும் டொலர் எண்டு சொல்லுறேல்லை, "கட்டை அடிச்சிட்டியோ" எண்டுதான் கேக்கினம்.

ஒண்டு சொல்லோணும், கோவிக்காதை. நீ எனக்குச் சொல்லித் தரேக்க நான் தடுமாறினா உடன மவுஸைப் பறிச்சு நீயே செய்துபோடுவாய், நான் ஓமெண்டு தலையாட்டுவன், அடுத்த நாள் ஒண்டும் நினைவில நிக்காது. அதால நான் அவைக்குச் சொல்லேக்க கையைப் பின்னால கட்டிக்கொண்டு நிக்கிறன். சரியான கஷ்டம், கை துடிக்கும்.

சந்தா கட்டாத ஆக்களின்ர பேருக்கு நேர "இல்லை" எண்டு தானா விழ வைக்கலாமோ எண்டு கேக்கினம். அதுக்கு இஃப் எண்டு ஒண்டு இருக்காம். சனிக்கிழமை வீடியோ கோல் எடு, நான் அடிக்கிறன், பிழைச்சாலும் நீ பாத்துக்கொண்டு சும்மா இரு.

அன்புடன்,
அம்மா