ஆய்வுக் கட்டுரையைக் களஞ்சியத்தில் சேர்ப்பது கட்டாயமாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆய்விதழ்களுக்கு நாடு முழுவதற்கும் சேர்த்து மத்திய அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300 அரசு நிறுவனங்கள். பெரிய நிறுவன நூலகங்களில் மட்டுமே கிடைத்த இதழை இன்று ஓர் அரசு கலைக் கல்லூரி மாணவி தன் கல்லூரியிலிருந்தே படிக்கலாம். இது மனதார வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் தனியார் சுயநிதிக் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்போரில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறார்கள். சிறு மருத்துவமனை நடத்தும் மருத்துவருக்கும் வேளாண் ஆலோசகருக்கும் இதில் இடமில்லை. சந்தா என்பது வாடகை மாதிரி. 2027 முடிந்ததும் மறுபடி பேரம், மறுபடி பணம்.

இதே திட்டத்தில் இன்னொரு தொகை அதிகம் பேசப்படவில்லை. தரமான திறந்த அணுக்க இதழ்களில் நம் ஆய்வாளர்கள் வெளியிட ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் வரை உதவி உண்டு. திறந்த அணுக்க இதழை வாசகர் இலவசமாகப் படிக்கலாம். செலவைப் பல இதழ்கள் கட்டுரையாளரிடம் வாங்குகின்றன. கட்டுரைக்கு இரண்டு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 150 கோடியில் 7,500 கட்டுரைகள் வெளியாகும். இந்தியா ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை வெளியிடுகிறது! 'நேச்சர்' இதழ் 2020இல் இந்தக் கட்டணத்தை அறிவித்தபோது 9,500 யூரோ கேட்டது. அன்றைய மதிப்பில் எட்டு லட்சத்துக்கு மேல். இன்று மாதம் 37,000 ரூபாய் பெறும் இளநிலை ஆய்வாளரின் ஏறக்குறைய இரண்டு ஆண்டு உதவித்தொகை அது. ஏழை நாடுகளுக்குப் பதிப்பகங்கள் தள்ளுபடி தருகின்றன. ஆனால் சில பெரிய பதிப்பகங்கள், நாட்டின் மொத்த உற்பத்தி 20,000 கோடி டாலரைத் தாண்டினால் அது கிடையாது என்கின்றன. இந்தியா அங்கே அடிபட்டுப் போகிறது.

கட்டணமே இல்லாத வழி ஒன்று கையிலேயே இருக்கிறது. ஒரு கட்டுரைக்கு மூன்று நிலைகள் உண்டு: இதழுக்கு அனுப்பிய முதற்படி, மதிப்பீட்டாளர் சொன்ன திருத்தங்கள் முடிந்து ஏற்பு பெற்ற படி, பதிப்பகம் அச்சுக்கோத்து வெளியிட்ட இறுதிப் படி. கடைசியின் உரிமை பெரும்பாலும் பதிப்பகத்துக்குப் போய்விடும். நடுவில் உள்ளதைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில், அதாவது கட்டுரைகளைச் சேமித்து இணையத்தில் எவரும் படிக்கத் தரும் தளத்தில், வைக்கப் பெரும்பாலான இதழ்கள் அனுமதிக்கின்றன. சந்தா இதழ் என்றால் ஓராண்டு, இரண்டாண்டு என, படியைப் பொதுவில் திறக்கக் கூடாத ஒரு தடைக்காலம் இருக்கும். எந்த இதழ் எதை அனுமதிக்கிறது என்பதை 'ஷெர்பா ரோமியோ'வாக இருந்து இப்போது 'ஓப்பன் பாலிசி ஃபைண்டர்' என்று பெயர் மாறியுள்ள தளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஏற்புக் கடிதம் வந்த அன்றே கோப்பைப் பதிவேற்றி, தடைக்காலம் முடியும் தேதியைக் குறித்துவிட்டால் போதும். அன்று அது தானாகவே திறந்துகொள்ளும். அதுவரை தலைப்பும் சுருக்கமும் தெரியும். படி கேட்டு எழுதும் பொத்தானும் களஞ்சியம் நடத்த உதவும் 'டிஸ்பேஸ்' மென்பொருளில் உண்டு.

தவறு நடப்பது அந்த நடுப்படியில்தான். கட்டுரை வெளியானதும் எல்லோரும் பத்திரப்படுத்துவது பதிப்பகத்தின் அழகான பிடிஎஃப் கோப்பைத்தான். ஏற்பு பெற்ற வேர்டு கோப்பு மாணவரின் மடிக்கணினியில் கிடந்து, அவர் படிப்பு முடித்துப் போகும்போது கூடவே போய்விடும். ஓராண்டு கழித்து நூலகம் கேட்டால் பேராசிரியர் இறுதிப் படியை அனுப்புவார். அதைப் பொதுவில் வைத்தால் உரிமை மீறல். ஆகவே நூலகம் ஒன்றும் வைக்காது. ஏற்பு வந்த நாளிலேயே கோப்பை வாங்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

விதி இல்லாமல் இல்லை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் தங்கள் நிதியில் எழுதிய கட்டுரைகளைக் களஞ்சியத்தில் சேர்க்கச் சொல்லி 2014இலேயே கொள்கை வெளியிட்டன. சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நடைமுறையில் பதில் இல்லை, அதனால் அது காகிதத்தோடு நின்றது. முனைவர் பட்ட ஆய்வேட்டின் கதை வேறு. அதை இந்திய ஆய்வேடுகளுக்கான இணையக் களஞ்சியமான 'ஷோத்கங்கா'வில் ஏற்ற வேண்டும் என்பது பட்டத்தோடு கட்டப்பட்ட விதி. இன்று அங்கே லட்சக்கணக்கான ஆய்வேடுகள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய 'ஓர்பி' களஞ்சியமும் இப்படித்தான் நிரம்பியது: அதில் இல்லாத கட்டுரை பணி உயர்வின்போது கணக்கில் வராது என்றார்கள். பிரிட்டனில் பல்கலைக்கழகங்களின் தேசிய ஆய்வு மதிப்பீட்டுக்கும் இதையொத்த நிபந்தனை வந்தது.

தமிழ்நாடு அரசுப் பல்கலைக்கழகங்கள் இதை நாளையே செய்யலாம். பணி உயர்வு விண்ணப்பத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் எதிரே 'களஞ்சிய இணைப்பு' என்று ஒரு கட்டம், அது காலியாக இருந்தால் மதிப்பெண் இல்லை. ஒரு சர்வரும், உரிமை விதி சரிபார்க்கப் பயிற்சி பெற்ற ஒரு நூலகரும் போதும். சர்வரைத் திட்ட நிதியில் வாங்காமல் ஆண்டு வரவுசெலவில் சேர்க்க வேண்டும். திட்டம் முடிந்ததும் பராமரிப்பார் இல்லாமல் களஞ்சியங்கள் முடங்குவது வாடிக்கை.

தமிழ் ஆய்விதழ்களுக்கும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் பட்டியலான யுஜிசி-கேர் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டபின், சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு மதிப்பீடே இல்லாமல் சில நாளில் வெளியிடும் இதழ்களுக்கு வழி இன்னும் அகலமாகியிருக்கிறது. எழுதுபவரிடமும் வாசிப்பவரிடமும் காசு வாங்காத, துறைகளே நடத்தும் இதழ்கள்தான் இதற்கு மாற்று. 'ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ்' இணைய இதழ் நடத்த உதவும் இலவச மென்பொருள்; கட்டுரையின் நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண்ணுக்குக் கட்டுரைக்கு ஒரு டாலர் அளவும், ஆண்டுக்குச் சில நூறு டாலர் உறுப்பினர் கட்டணமும் ஆகும். ஆண்டுக்கு ஐந்து ஆய்வுக் கட்டுரையாவது வராத இதழை, திறந்த அணுக்க இதழ்களின் உலகப் பட்டியலான 'டோஜ்' (DOAJ) சேர்த்துக்கொள்ளாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இதைவிடப் பெரிய தடை எழுத்துரு. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அச்சுக்கோத்த பழைய பிடிஎஃபில் 'தமிழ்' என்ற சொல் கணினிக்கு நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகவே தெரியும். கூகுளில் எத்தனை முறை தேடினாலும் அந்தக் கட்டுரை அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசம்தான். ஆனால் மொத்தமாக மாற்றும்போது அடிக்குறிப்பில் உள்ள ஆங்கில நூற்பெயர்கள் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகச் சிதறும். அவற்றைப் பிரித்தெடுத்து மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும். உயர்கல்வித் துறை இந்த ஆண்டு தமிழ்த் துறைகளுக்கு ஏதேனும் நிதி தருவதாக இருந்தால், முதலில் அந்த மெய்ப்பாளர்களுக்குத் தரட்டும்.

இப்படிக்கு,
பல்கலைக்கழக நூலகர் ஒருவர்,
திருச்சி