இன்னும் மூன்று ஆண்டுகள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். நீ மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக அழைக்காததைப் பற்றி அம்மா பேச்சே எடுப்பதில்லை. ஆனால் ஞாயிறு வந்தால் கைபேசியைக் காலையிலேயே சார்ஜ் போட்டு மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறாள். யூனிட்டில் பயிற்சிக் காலமாக இருக்கும் என்று நான் சொல்லிவைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், உன் தங்கையின் வளைகாப்பு ஆகியவற்றைப் பற்றி அவளே எழுதுவாள்.

படைப்பணியை விட்டு நாடாளுமன்றத்துக்குப் போனவர்களின் வரலாற்றை இரண்டு மாதங்களாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். ஏன் என்று நீ கேட்கமாட்டாய் என நம்புகிறேன். பொங்கல் விடுப்பில் வந்தபோது ஒன்றியச் செயலாளருடன் தோப்பில் நீ நெடுநேரம் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

மேஜர் ஜெனரல் புவன் சந்திர கந்தூரியை எடுத்துக்கொள். நம்மைப் போலவே பொறியாளர் படையைச் சேர்ந்தவர். 1954-இல் அதிகாரியாகி, 1990 வரை பணி செய்து முடித்து, அதன் பிறகே 1991-இல் கட்வால் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். வாஜ்பாய் அமைச்சரவையில் சாலைப் போக்குவரத்துத் துறை அவரிடம் இருந்தபோதுதான் தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலையின் பணிகள் வேகம் பிடித்தன. நீ விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பெங்களூரிலிருந்து வேலூர் வரை ஓட்டி வருகிறாயே, அந்தச் சாலையும் அதில் ஒரு பகுதிதான். பாலமும் பாதையும் போடத் தெரிந்த ஒருவர் அமைச்சரானால் நாட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை. பொறியாளர் படையின் மதராஸ் சாப்பர்ஸ் பிரிவில், அங்குள்ள சிப்பாய்கள் எல்லோரையும் போல 'தம்பி' என்று அழைக்கப்பட்டு இருபத்தாறு ஆண்டுகள் மண்ணைத் தோண்டியவன் என்ற முறையில் அதைப் பெருமையுடன் எழுதுகிறேன்.

ஆனால் அவருக்கு நேர்ந்த மற்றவற்றையும் நீ கவனிக்க வேண்டும். 1996-இல் தோற்றார். 2012-இல் உத்தராகண்ட் முதலமைச்சராக இருந்துகொண்டே தாம் நின்ற தொகுதியில் தோற்றார். 2014-இல் மீண்டும் மக்களவைக்குச் சென்று, பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் தலைவராக இருந்தபோது, இராணுவத்தின் தளவாடங்களில் 68 விழுக்காடு பழமையானவை என்று படைத்தரப்பே கூறியதை 2018-இல் அறிக்கையாக வெளியிட்டார். அதே ஆண்டு அந்தப் பொறுப்பிலிருந்து அவர் மாற்றப்பட்டார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் படித்தபோது மனம் கனத்துப் போயிற்று.

ஜஸ்வந்த் சிங்கின் வாழ்க்கையையும் படித்தேன். 1957-இல் அதிகாரியாகி, 1966-இல் மேஜராக இருக்கும்போதே விலகி வந்தவர். மாநிலங்களவைக்குள் நுழைந்தது 1980-இல். இடையில் பதினான்கு ஆண்டுகள். பிறகு வெளியுறவு, நிதி, பாதுகாப்பு என மூன்று பெரிய துறைகளையும் வகித்தார். அவ்வளவு உயரம் போனவருக்கு 2014-இல் சொந்த மண்ணான ராஜஸ்தானின் பார்மேரில் கட்சி இடம் தரவில்லை. சுயேச்சையாக நின்றார். அவரைத் தோற்கடித்தவரும் ஓர் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரியே, கர்னல் சோனாராம் சௌத்ரி. சில மாதங்களில் வீட்டில் விழுந்து தலையில் அடிபட்டு நினைவிழந்த ஜஸ்வந்த் சிங், 2020 செப்டம்பரில் காலமாகும் வரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அவருக்குப் பின்னால் சொந்த ஊரான ஜசோலின் பெரிய குடும்பம் இருந்தது. உனக்குப் பின்னால் இருப்பது ஒன்றரை ஏக்கரும் என் ஓய்வூதியமும்.

அதனால்தான் இருபது ஆண்டுப் பணியை முடி என்று சொல்கிறேன். உனக்கு இப்போது பதினேழு முடிந்திருக்கிறது. தானாக விலகும் அதிகாரிக்கு இருபது ஆண்டு தகுதிப் பணி இல்லையென்றால் ஓய்வூதியம் இல்லை என்பதை நான் உனக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு முறை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தாலும் மாதம் 31,000 ரூபாய் ஓய்வூதியம் உண்டு என்று உன் சின்ன மாமா சொல்கிறார். உண்மைதான், ஆனால் அது வென்றவனுக்கு. தோற்றவன், பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குகூடப் பெறாவிட்டால், கட்டிய 25,000 ரூபாய் வைப்புத் தொகையையும் இழப்பான். நம் மாநிலத்தில் மக்களவை வேட்பாளர் செலவழிக்கலாம் என்று ஆணையம் அனுமதித்திருப்பது 95 லட்சம். அனுமதிக்காத செலவைப் பற்றி நம் வேலூர்க்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2019-இல் பணம் பிடிபட்டதால் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்டில் மறுபடி நடந்த தொகுதி நம்முடையது.

இன்னொன்று. நாடாளுமன்றத்தில் நீ நினைத்ததைப் பேசிவிடலாம் என்று எண்ணாதே. கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களித்தால் 1985-ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டம் உன் பதவியையே எடுத்துவிடும். கட்டளைக்குக் கீழ்ப்படிவது உனக்குப் புதிதல்ல. ஆனால் இதுவரை உனக்குக் கட்டளையிட்டவர்கள் உன்னோடு அதே மழையில் நனைந்தவர்கள். இருபது ஆண்டை முடி, தம்பி. பிறகு எங்கே வேண்டுமானாலும் போ. நீ நின்றால் வெல்வாய் என்பதில் எனக்கு ஐயமில்லை. பரங்கிமலையில் உன் தோளில் நட்சத்திரம் ஏறிய அன்று ஓய்வுபெற்ற சுபேதாராகிய நான் உனக்கு வைத்த வணக்கத்தை, எந்த ஜெனரலுக்கும் அவ்வளவு மனமாரச் செய்ததில்லை.

பணியிலிருந்து விலக நீ பேப்பர் போட்டுவிட்டாயா என்று நான் கேட்கவில்லை. மருமகள் அம்மாவிடம் ஏதோ சொல்லி, பாதியில் நிறுத்திக்கொண்டாள் என்பது மட்டும் தெரியும்.

இதுவரை எழுதியதை வாசித்துப் பார்த்தேன். உனக்கு அறிவுரை சொல்லும் தகுதியை நான் இழந்துவிட்டு எழுதியிருக்கிறேன் என்று தோன்றுகிறது. ஆகவே சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் ஒன்றியச் செயலாளர் நால்வருடன் வீட்டுக்கு வந்தார். சுவரில் இருந்த உன் படத்தை, பதக்கங்களோடு சீருடையில் நீ நிற்கும் அந்தப் படத்தை, இரண்டு நாளில் தருகிறேன் என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். நான் கழற்றிக் கொடுத்தேன். 'தம்பி வருவாரா?' என்று கேட்டதற்கு, 'வருவான்' என்றும் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். நம் நிலத் தகராறின்போது விடுப்பில் வந்து, அன்றைய உறுப்பினர் ஒருவரின் வீட்டு வாசலில் இரண்டு நாள் நின்று, உள்ளே விடாமல் திரும்பி வந்தவன் நான். அப்படி ஒரு வாசல் நம் வீட்டுக்கும் இருக்கட்டும் என்ற ஆசை அன்று வாயைத் திறந்துவிட்டது.

பத்து நாள் கழித்து, கூட்டுரோட்டில் உன் படத்துடன் 'வருங்கால நாடாளுமன்ற உறுப்பினரே' என்று பிளெக்ஸ் எழுந்தது. பணியில் இருப்பவன் தன்னை வேட்பாளராக அறிவிப்பது மட்டுமல்ல, பிறர் அவ்வாறு அறிவிக்க இடம் கொடுப்பதும் குற்றம் என்பது 1954-ஆம் ஆண்டின் இராணுவ விதிகளில் இருபதாம் விதி. எத்தனையோ சிப்பாய்களுக்கு அதை வாசித்துக் காட்டியவன் நான். அன்றிரவே நானும் உன் சித்தப்பாவும் போய்க் கயிற்றை அறுத்து இறக்கினோம். ஆனால் அதற்குள் அது வாட்ஸ்அப்பில் ஊர் முழுவதும் சென்றுவிட்டது. நீ அழைக்காமல் போனது அந்த வாரத்திலிருந்துதான்.

உன் கமாண்டிங் ஆபீசர் விளக்கம் கேட்டிருந்தால், இந்தக் கடிதத்தை அப்படியே அவரிடம் கொடு. படத்தைக் கொடுத்தது நான், நீ அறியமாட்டாய். நேரில் வந்து சொல்ல வேண்டுமென்றாலும் வருகிறேன். படத்தைச் சட்டத்துடன் திரும்ப வாங்கிவிட்டேன். அம்மா அதை இன்னும் சுவரில் மாட்டவில்லை. நீ பேசிய பிறகு மாட்டலாம் என்கிறாள்.

உன் அப்பா,
சுபேதார் (ஓய்வு),
மதராஸ் சாப்பர்ஸ்