பிரிவினை விவாதத்தில் விடுபட்ட சிட்மஹால் மக்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பிரிவினையின்போது தலைவர்கள் எடுத்த முடிவுகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காஷ்மீர், ஜூனாகத், ஹைதராபாத் மூன்றையும் நன்றாகவே அலசியிருக்கிறார் கட்டுரையாளர். நேருவா, படேலா என்ற பழைய வழக்கையும் விடவில்லை. ஆனால் கிழக்கு எல்லையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தலைவர்கள் தள்ளிப்போட்ட ஒரு முடிவுக்காக ஏழை ஜனங்கள் எத்தனை காலம் அவதிப்பட்டார்கள் என்பதற்குக் மேற்கு வங்கத்தின் வடக்கே இருக்கும் கூச் பிஹாரை விடப் பெரிய சாட்சி கிடையாது.

1947 ஜூலையில்தான் முதன்முதலாக இந்திய மண்ணை மிதித்த எல்லைக் கமிஷன் தலைவர் ராட்கிளிஃப், ஐந்தே வாரத்தில் கோடு கிழித்தார். அவர் பிரித்தது பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சியில் இருந்த நிலத்தை மட்டும்தான். கூச் பிஹார் சமஸ்தானம் அந்தக் கணக்கில் வராது. 1949-இல் அது இந்தியாவோடு இணைந்ததும், கிழக்குப் பாகிஸ்தானுக்குள் (இன்றைய வங்கதேசம்) சிதறிக் கிடந்த அதன் ஊர்களும் இந்தியா ஆகிவிட்டன. அதேபோல அந்தப் பக்கத்து ஊர்கள் சில இங்கே மாட்டிக்கொண்டன. உள்ளூர் மக்கள் இவற்றைச் சிட்மஹால் என்பார்கள். பிற்பாடு எடுத்த கணக்கின்படி வங்கதேசத்துக்குள் இந்தியத் துண்டுகள் 111, இந்தியாவுக்குள் வங்கதேசத் துண்டுகள் 51. இதில் தஹாலா கக்ராபாரி என்று ஒன்று. இரண்டு ஏக்கர்கூடத் தேறாத வயல். அந்த வயல் இந்தியா. அதைச் சுற்றி இருந்தது வங்கதேச ஊர். அந்த ஊரைச் சுற்றி மறுபடியும் இந்தியா. அதற்கும் வெளியே வங்கதேசம்!

கேட்க விநோதமாக இருக்கலாம். அங்கே குடியிருந்தவர்களுக்கு அது தினப்படி வதை. ரேஷன் கார்டு கிடையாது, வாக்குரிமை கிடையாது, திருட்டு போனால் புகார் கொடுக்கப் போலீஸ் கிடையாது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை அப்பா என்று எழுதிக் கொடுத்தார்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போன பெண்கள் யாரோ ஒருவர் பெயரைப் புருஷன் பெயராகச் சொன்னார்கள். சொந்த நாட்டுக்குப் போய்ப் பாஸ்போர்ட் வாங்குவதற்கே பாஸ்போர்ட் இல்லாமல் எல்லை தாண்ட வேண்டும். 2011-இல் இரு நாடுகளும் சேர்ந்து தலை எண்ணியபோது இப்படி வாழ்ந்தவர்கள் 51,000-க்கும் மேல்.

தீர்வு என்ன என்று யாருக்கும் தெரியாமல் இல்லை. 1958 செப்டம்பரிலேயே நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபெரோஸ் கான் நூனும் இந்தத் துண்டுகளை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். அதே ஒப்பந்தத்தில் ஜல்பாய்குரி மாவட்டத்துப் பேருபாரியைப் பாதியாகப் பங்கு போடவும் சம்மதித்ததால் மேற்கு வங்கம் கொதித்தெழுந்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. நாட்டின் நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுப்பதென்றால் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று 1960-இல் நீதிமன்றம் சொன்னது. அப்புறம் 1974 மே 16 அன்று இந்திராவும் வங்கதேசப் பிரதமர் முஜிபுர் ரஹ்மானும் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வங்கதேசம் அந்த ஆண்டே தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி ஒப்புதல் கொடுத்துவிட்டது. நாம் கொடுத்தது 2015-இல். நாற்பத்தொரு வருஷம்! மாற்றத்தில் நமக்குப் பத்தாயிரம் ஏக்கர் போல நஷ்டம் என்ற வாதத்தை எதிர்ப்பவர்கள் விடாமல் சொன்னார்கள். ஆனால் அது நாம் ஒருநாளும் ஆளாத நிலம். எதிர்க்கட்சியாக இருந்தபோது முட்டுக்கட்டை போட்ட பா.ஜ.க., ஆட்சிக்கு வந்த பிறகு அதே ஏற்பாட்டை நிறைவேற்றியது. நாடாளுமன்றத்தில் எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழவில்லை. கடைசியில் ஒருவரும் எதிர்த்து ஓட்டுப் போடாத ஒன்றை இவ்வளவு காலம் கிடப்பில் போட்டிருந்தோம் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

தமிழ் வாசகர்களுக்கும் இதில் ஒரு வழக்கு இருக்கிறது. இந்திரா–முஜிப் ஒப்பந்தம் கையெழுத்தாகி ஏறக்குறைய ஆறு வாரத்தில், 1974 ஜூன் கடைசியில், அதே இந்திரா அரசு கச்சத்தீவு இலங்கைக்கு என்று ஒப்பந்தம் போட்டது. இதற்கு அரசியல் சட்டத் திருத்தம் எதுவும் செய்யவில்லை. பேருபாரி தீர்ப்பைக் காட்டித்தான் 2008-இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனார். அந்தத் தீவு யாருக்கு என்பதே தகராறில் இருந்தது, அதனால் நம் நிலத்தை விட்டுக்கொடுத்ததாகாது என்பது மத்திய அரசின் பதில். சரி, சட்ட நுணுக்கத்தை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு ஒப்பந்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: டெல்லிக்கு அவசரம் இருந்த இடத்தில் காரியம் மளமளவென்று நடந்தது. அங்கே ராமேசுவரம் மீனவரை யாரும் கேட்கவில்லை. இங்கே சிட்மஹால் விவசாயி காத்துக் கிடந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

2015 ஜூலை 31 நள்ளிரவில் துண்டுகள் கைமாறின. இந்தியாவே வேண்டும் என்று வங்கதேசத்து ஊர்களை விட்டு வந்த குடும்பங்களை தின்ஹாட்டா, மெக்லிகஞ்ச், ஹல்திபாரி ஆகிய ஊர்களில் தகரக் கொட்டகை முகாம்களில் தங்க வைத்தார்கள். தற்காலிகம் என்று சொன்ன அந்த முகாம்களில் வருஷக்கணக்கில் கிடந்தார்கள். அங்கே விட்டு வந்த நிலத்துக்கு என்ன கிடைத்தது, பிள்ளைகள் இப்போது சொந்த அப்பா பெயரிலேயே படிக்கிறார்களா என்றெல்லாம் நேரில் போய் விசாரித்து எழுத ஒரு நிருபரைத் தாங்கள் அனுப்ப வேண்டும். இந்தக் கட்டுரையின் அடுத்த பகுதியாகவே அதை வெளியிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி.