பயிற்சி வகுப்பில் எங்களுக்கும் ஒரு நாள்

தர்மபுரி மாவட்டத்தில் சமூக நலப் பணியாளர்களுக்கான பயிற்சியைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் பென்னாகரம் பக்கத்துக் கிராமமொன்றில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். என்னைப் போன்ற மூத்த பணியாளர்கள் பயிற்சியில் பாடம் நடத்த ஒரு நாள் கேட்டு எழுதுகிறேன்.

அனுபவம் இருந்தால் போதும், படிப்பு வேண்டாம் என்று வாதிட இதை எழுதவில்லை. கறை படிந்த பற்களோடு பிள்ளைகள் மையத்துக்கு வந்த காலத்தில், தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னவள் நான். காய்ச்சினால் கிருமிதான் சாகும். பற்களைக் கறையாக்கும், போர்வெல் தண்ணீரில் கலந்திருக்கும் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும் என்பதை ஒரு பயிற்சி வகுப்பில்தான் அறிந்தேன். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபோது, அதைக் குடிப்பதற்கு மட்டுமன்றி உலை வைப்பதற்கும் பிடித்து வையுங்கள், போர்வெல் தண்ணீரைப் புழங்க வைத்துக்கொள்ளுங்கள் என்று என்னால் சொல்ல முடிந்தது அந்த வகுப்பால்தான்.

ஆனால் வகுப்பில் சொல்லித் தராதவையும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் கூடாது என்ற 2006ஆம் ஆண்டுச் சட்டமும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். அந்த எண்ணுக்கு அழைப்பு போகும்போது பெரும்பாலும் பந்தல்கால் நட்டிருப்பார்கள். பருவமில்லாத நாளில் வீட்டுக்கு வெள்ளையடிப்பது, பாதி வருடத்தில் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேட்பது, இவற்றை நாங்கள் மாதங்களுக்கு முன்பே பார்த்துவிடுவோம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் புறப்பட மூட்டை கட்டி வைத்திருந்த ஒரு தாய், "வயசுப் பொண்ண யாருகிட்ட விட்டுட்டுப் போவேன், டீச்சர்?" என்று கேட்டார். அவரிடம் சட்டத்தைச் சொல்லியிருந்தால் திருமணம் வேறு ஊரில் நடந்திருக்கும். விடுதியில் இடம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் கல்யாணப் பேச்சு நின்றது. அந்தப் பெண் படிப்பை முடித்தாள். என் பதிவேட்டில் இதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

அரூர் வட்டம் சிட்லிங்கியில் 1993இல் மருத்துவப் பணி தொடங்கிய மருத்துவத் தம்பதியர், அந்த மலைக் கிராமப் பெண்களையே பயிற்றுவித்துச் சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். படித்தவரின் அறிவும் ஊராரின் அறிவும் அங்கே ஒரே கூரையின் கீழ் வேலை செய்தன. நம் மாவட்டத்திலேயே கண்கூடாக இருப்பதைத்தான் சொல்கிறேன்.

ஆகவே, அடுத்த பயிற்சியில் ஒரு முழு நாளை மூத்த அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் ஒதுக்குங்கள். நன்றி கூறும் நிகழ்ச்சியில் சால்வை போர்த்த எங்களை அழைக்க வேண்டாம் (அது நிறையவே கிடைத்துவிட்டது). பாடம் நடத்த அழையுங்கள். மாதாந்திர அறிக்கையின் கடைசியில், எண்களுக்குள் அடங்காததை எழுத வெறும் பக்கம் ஒன்றையும் சேர்த்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓர் அங்கன்வாடிப் பணியாளர்