நெல்சனை அட்மிரல் ஆக்கியது பணிமூப்புப் பட்டியல்

ஆசிரியருக்கு,

பாய்மரக் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு பிழை. ஸ்பெயின் கடற்படையுடன் நடந்த செயின்ட் வின்சென்ட் முனைப் போரில் காட்டிய வீரத்துக்காக, அப்போது கேப்டனாக இருந்த நெல்சனுக்கு ரியர் அட்மிரல் (அட்மிரல்களில் கடைநிலை) பதவி தரப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். போர் நடந்தது 1797 பிப்ரவரி 14. பதவி உயர்வு பிப்ரவரி 20. வெற்றிச் செய்தி லண்டனை எட்டியதோ மார்ச்சில். கேப்டன்களின் பணிமூப்புப் பட்டியலில் அவர் முறை வந்தது, உயர்ந்தார். வீரத்துக்கென்று கிடைத்தது 'சர்' பட்டம்.

இந்தப் பட்டியல் புரியாமல் அக்காலத்து அதிகாரிகளின் வாழ்க்கை புரியாது. தரைப்படையில் காலாட்படை, குதிரைப்படைப் பதவிகளை விலைக்கு வாங்கலாம், கடற்படையில் முடியாது. 1677 முதல் லெப்டினன்ட் ஆவதற்கே வாய்மொழித் தேர்வு இருந்தது. ஆறாண்டு கடற்பணி, அதில் இரண்டாண்டாவது மிட்ஷிப்மேனாகவோ (பயிற்சி நிலை அதிகாரி), கப்பலின் வழிகாட்டலைக் கவனிக்கும் மாஸ்டரின் துணையாளாகவோ இருந்திருக்க வேண்டும். பணியாற்றிய கப்பல்களின் கேப்டன்கள் தந்த சான்றிதழ்களையும், தானே எழுதிய நாட்குறிப்பேடுகளையும் கொண்டுவர வேண்டும். கயிறு பிணைப்பது, பாயைச் சுருக்குவது, சூரியனையும் விண்மீனையும் அளந்து இடம் கணிப்பது, திசைகாட்டியின் விலகலைக் கண்டறிவது எல்லாம் கேட்பார்கள். வயது இருபது நிறைந்திருக்க வேண்டும் என்பதும் விதி. ஆனால் 1777 ஏப்ரலில் தேறிய நெல்சனுக்குப் பதினெட்டுதான். தேர்வுக் குழுவின் தலைமையில் இருந்தவர் அவருடைய தாய்மாமன் மாரிஸ் சக்ளிங்.

ஆக, செல்வாக்கு வேலை செய்தது. ஆனால் போஸ்ட் கேப்டன், அதாவது பட்டியலில் இடம்பெறும் முழுக் கேப்டன், ஆகும்வரைதான். இருபது பீரங்கிகளுக்குக் குறைந்த கப்பலை நடத்துபவர் கமாண்டர். மரியாதைக்கு அவரையும் கேப்டன் என்றே அழைப்பார்கள், பட்டியலில் அவருக்கு இடமில்லை. இருபதோ அதற்கு மேலோ பீரங்கி உள்ள கப்பலுக்கு நியமனம் வந்த தேதியில்தான் பெயர் ஏறும். பிறகு யாரும் யாரையும் முந்த முடியாது; மேலே இருப்பவர் இறக்கவோ உயரவோ வேண்டும். நெல்சன் 1779 ஜூனிலும், அவரைவிடப் பத்து வயது மூத்தவரும் பத்தாண்டு முன்னதாகக் கடலுக்குப் போனவருமான சக அதிகாரி காலிங்வுட் 1780 மார்ச்சிலும் அந்த நிலையை அடைந்தார்கள். அந்த ஒன்பது மாதம் கடைசிவரை மாறவில்லை. 1805 டிராஃபல்கர் போரில் காலிங்வுட் நெல்சனுக்கு அடுத்த தளபதியாக இரண்டாமிடத்தில் நின்றதற்கு இதுவே காரணம்.

நடுவில் இளையவர் ஒருவரை அட்மிரல் ஆக்க அரசு விரும்பினால், அவருக்கு மேலே உள்ள அத்தனை கேப்டன்களையும் சேர்த்து உயர்த்தியாக வேண்டும். அவர்களில் வேண்டாதவர்களுக்காக 1747இல் ஒரு வழி கண்டார்கள்: அட்மிரல் என்ற பெயர் உண்டு, ஓய்வூதியமும் உண்டு, கப்பலோ அட்மிரலுக்குரிய கொடியோ கிடையாது. அட்மிரல்கள் பிரிக்கப்பட்டிருந்த நீலம், வெள்ளை, சிவப்பு என்ற மூன்று அணிகளில் எதிலும் சேராத இவர்களை 'மஞ்சள் அட்மிரல்' என்று மாலுமிகள் அழைத்தார்கள்.

பட்டியலில் இடம் இருந்தால் கையில் கப்பல் இருக்கும் என்பதும் இல்லை. நெல்சனே 1787 இறுதியிலிருந்து 1793 தொடக்கம்வரை இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதிக் கிராமம் ஒன்றில் அரைச்சம்பளத்தில் காத்திருந்தார். கட்டுரை இந்த ஐந்தாண்டைத் 'தானாக எடுத்த ஓய்வு' என்கிறது. அதையும் திருத்த வேண்டும்: கப்பல் கேட்டுக் கடற்படை அலுவலகத்துக்கு அவர் எழுதியபடியே இருந்தார், பிரான்சுடன் போர் நெருங்கும்வரை கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்