வசந்தப் பருவ நிறைவும் அருங்காட்சியகச் சுற்றுலாவும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் தமிழ்ப் பள்ளியின் வசந்தப் பருவ வகுப்புகள் வரும் சனிக்கிழமையோடு நிறைவடைகின்றன. திருக்குறள் ஒப்பித்தல், பேச்சுப் போட்டி, பருவத் தேர்வு எல்லாம் நல்லபடியாக முடிந்தன. பரிசு பெற்றவர்களுக்கும் கலந்துகொண்டவர்களுக்கும் வாழ்த்துகள். மழலை வகுப்புப் பிள்ளைகள் உயிரெழுத்தை முடித்து மெய்யெழுத்துக்கு வந்துவிட்டார்கள். மதிப்பெண் பட்டியலை வகுப்பாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

இந்தப் பருவத்தில் பிள்ளைகள் அதிகம் பேசியது வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்குப் போன சுற்றுலாவைப் பற்றித்தான். கிளம்புவதற்கு முந்தைய வாரம் வகுப்பில் 'நைட் அட் த மியூசியம்: பேட்டில் ஆஃப் த ஸ்மித்சோனியன்' படத்தைப் போட்டுக் காட்டினோம். 2006இல் வந்த முதல் படம் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நடக்கும். 2009இல் வந்த இந்த இரண்டாம் பாகத்தில் அங்கிருந்த பொம்மைகளையும் உருவங்களையும் பெட்டி கட்டி ஸ்மித்சோனியனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பொழுது சாய்ந்ததும் லிங்கன் நினைவகத்துச் சிலை எழுந்து நடக்கிறது. புகழ்பெற்ற பெண் விமானி அமீலியா இயர்ஹார்ட் ரைட் சகோதரர்களின் விமானத்தை ஓட்டுகிறார். ஒவ்வொரு பிள்ளையும் அருங்காட்சியகத்தில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, இரவில் உயிர் வந்தால் அது என்ன பேசும் என்று தமிழில் பேச வேண்டும். இதுதான் நாங்கள் கொடுத்த பயிற்சி.

பிள்ளைகள் அசத்திவிட்டார்கள். 1932இல் அமீலியா தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த சிவப்பு விமானமாக ஒரு மாணவி பேசினாள். 1959 மே மாதம் விண்வெளிக்குப் போய் உயிரோடு திரும்பி, நான்காம் நாள் சிறு அறுவைச் சிகிச்சையின்போது மயக்க மருந்தால் இறந்துபோன ஏபிள் என்ற குரங்காக ஒரு சிறுவன் பேசியபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளை அவன். எழுதி வைத்துப் படிக்காமல் தமிழில் பேசினான்.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். யாரையும் புண்படுத்தும் எண்ணம் இல்லை.

சுற்றுலா அன்று காவலர்கள் நம் குழுவிடம் ஒரு முறைக்கு மேல் வந்து, காட்சிப் பொருள்களைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு ஆசை இருந்ததில் வியப்பில்லை; கண் சிமிட்டுமா, கை அசையுமா என்று பார்க்கத்தான் நீட்டினார்கள். சொன்னதும் கையை எடுத்தும் கொண்டார்கள். ஆனால் சில இடங்களில் "தொட்டுப் பாரு, முழிச்சுக்குதான்னு பார்க்கலாம்" என்று சொன்னவர்கள் பெரியவர்கள். படம் எடுப்பதற்காக ஒரு குழந்தையைத் தூக்கித் தடுப்புக் கயிற்றுக்கு அப்பால் நிற்க வைத்ததையும் நானே பார்த்தேன்.

அதே படத்தில் ஒரு காவலர் கதாநாயகன் லேரியிடம் பொருளைத் தொடாதே என்று வாதாடும் காட்சிக்குத்தான் பிள்ளைகள் அதிகம் சிரித்தார்கள். அந்தக் காவலர் சொன்னது சரி என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

தொட்டால் என்ன ஆகிவிடும் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நம் விரலில் எப்போதும் எண்ணெய்ப் பசையும் வியர்வையின் உப்பும் உண்டு. வெண்கலத்தில் அந்த உப்பு தங்கினால் உலோகத்தை மெல்ல அரிக்கும். கல்லில் பசை ஊறிக் கறுக்கும். கோயில் தூண்களில் கை படும் உயரத்தில் மட்டும் கல் கறுத்து மினுங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் அப்போலோ 17 பயணிகள் 1972இல் கொண்டுவந்த நிலாக்கல் ஒன்றைத் தொடுவதற்காகவே வைத்திருக்கிறார்கள். 1976 முதல் வந்தவர்களின் விரல் பட்டுப்பட்டு அது வழவழப்பாகிவிட்டது. கல்லுக்கே அப்படி என்றால் துணிக்கும் வண்ணத்துக்கும் என்ன ஆகும்?

தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் நடந்தது வேறு மாதிரி. அங்கே சாமி சிலைகளைப் பார்த்ததும் சிலர் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை நீட்டினார்கள். அந்தப் பக்தி எனக்குப் புரிகிறது. கடல் கடந்து வந்த ஊரில் அம்மனைக் கண்டால் நெஞ்சு நிறையத்தான் செய்யும். ஆனால் ஊர்க் கோயிலிலும் உற்சவரை அர்ச்சகர்தானே தொடுகிறார்? நாம் எட்ட நின்றுதானே கும்பிடுகிறோம்?

அங்குள்ள சோழர் கால வெண்கலப் பார்வதி சிலையைச் செம்பியன் மாதேவியின் உருவமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கண்டராதித்த சோழரின் மனைவி, உத்தம சோழரின் தாய், செங்கல் கோயில்கள் பலவற்றைக் கருங்கல்லில் எடுத்துக் கட்டியவர். அந்தக் காலத்து வெண்கலச் சிலைகள் மெழுகு வார்ப்பில் செய்தவை. மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், ஆகவே இன்னொரு படி எடுக்க முடியாது. ஆயிரம் ஆண்டு கடந்து வந்த ஒன்று நம் பிள்ளையின் கையால் தேயக் கூடாது.

தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த சுற்றுலாவிலிருந்து தடுப்பைத் தாண்டும் பிள்ளையும், உடன் வரும் பெரியவரும் மற்றவர்கள் பார்த்து முடிக்கும் வரை வாசலில் காத்திருக்க வேண்டும். பெரியவரே தாண்ட வைத்தால், அதன்பிறகு அவரைத் தன்னார்வலராக அழைத்துச் செல்ல மாட்டோம். எத்தனை ஆண்டு பழகியவராக இருந்தாலும் இதில் விலக்கு கிடையாது. பிள்ளைகள் பள்ளிச் சட்டையோடு போகிறார்கள். அவர்களைப் பார்ப்பவர்கள் தமிழ்ப் பிள்ளைகள் என்றுதான் பார்க்கிறார்கள். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பிரிப்போம். கைப்பேசியைப் பையில் வையுங்கள். குழுப் படம் கடைசியில் வெளிமுற்றத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

உங்களில் பெரும்பாலோர் அன்று பொறுமையாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மெட்ரோ ரயிலில் ஒரு பிள்ளையும் பிரியாமல் கூட்டி வந்தவர்களுக்கும், விடியுமுன் எழுந்து புளியோதரையும் தயிர்சாதமும் கட்டித் தந்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, செம்பியன் மாதேவி கட்டிய கோனேரிராஜபுரம் கோயிலுக்குத் தான் சின்ன வயதில் போன கதையைக் கைகட்டி நின்று சொன்னார். பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று கேட்டார்கள். அவருக்கு என் வணக்கம். அடுத்த முறையும் தாத்தா பாட்டிகள் வர வேண்டும்.

இலையுதிர்ப் பருவத்தில் மீண்டும் போகிறோம். இத்துடன் உள்ள ஒப்புதல் படிவத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து படித்து, இருவரும் கையெழுத்திட்டு வரும் சனிக்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். கேள்வி இருந்தால் வகுப்பு முடிந்ததும் அலுவலக அறைக்கு வாருங்கள், பேசலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்