ஐபேட் வாங்கப்போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

வைஃபை மட்டும் உள்ள ஐபேட் போதுமா, சிம் வசதி உள்ளதே வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வாரத்தில் மூன்று நாள் மரக் கணக்கெடுப்புக்கு வெளியே போகிறாய், மீதி நாள் அலுவலகமும் அறையும். இணையத்தை மட்டும் கணக்கில் வைத்தால் உனக்கு சிம் தேவையே இல்லை. இரண்டு இடத்திலும் வைஃபை இருக்கிறது, நடுவில் கையில் போன் இருக்கிறது. போனில் டேட்டா மிச்சம் கிடக்க, டேப்லெட்டுக்குத் தனியாக மாதக் கட்டணம் கட்டுவது கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற வேலை.

போனின் டேட்டாவை டேப்லெட்டுக்குப் பகிர்ந்துகொடுக்கும் ஹாட்ஸ்பாட்டிலும் தொல்லை உண்டு. உன் போன் ஆண்ட்ராய்டு. அதன் ஹாட்ஸ்பாட்டை ஐபேட் வீட்டு வைஃபை மாதிரியே நினைத்துக்கொள்ளும். நீ ஒரு படிவத்தை அனுப்பிக்கொண்டிருப்பாய். பின்னால் அது பாட்டுக்குப் படங்களை ஐகிளவுடில் ஏற்றும், செயலிகளைப் புதுப்பிக்கும், சில ஜிபி அளவுள்ள அப்டேட்டையும் இறக்கிவிடும். மதியத்துக்குள் டேட்டா காலி. முதல்முறை இணைத்தவுடனே செட்டிங்ஸில் வைஃபைக்குப் போய், உன் போன் பெயருக்குப் பக்கத்தில் 'i' போட்டிருக்கும் வட்டத்தைத் தொட்டு, 'லோ டேட்டா மோட்' போட்டுவிடு. அந்த நெட்வொர்க்குக்கு ஒருமுறை போட்டால் போதும். வெயிலில் ஹாட்ஸ்பாட் ஓடும் போன் சூடேறி வேகம் குறையும், சார்ஜும் மளமளவென்று இறங்கும். பையின் அடியில் போடாமல் நிழலில் வை, வேலை முடிந்ததும் அணைத்துவிடு. சில திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் தனி வரம்பு உண்டு. அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்.

ஆனால் உன் விஷயத்தில் முடிவு செய்யவேண்டியது இணையத்தை வைத்து இல்லை, இடத்தை வைத்து. வைஃபை ஐபேடுக்குள் ஜிபிஎஸ் கிடையாது. சிம் வசதி உள்ள செல்லுலார் வகையில்தான் அது இருக்கிறது. வைஃபை ஐபேட் தன் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? சுற்றியிருக்கும் ரவுட்டர்களைப் பார்த்து, எந்த ரவுட்டர் எங்கே இருக்கிறது என்ற பட்டியலோடு ஒப்பிட்டு ஊகிக்கிறது. கடைத்தெருவில் அது போதும். சுற்றிலும் ஒரு ரவுட்டர்கூட இல்லாத தோப்புக்குள், வரைபடத்தில் உன் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி எங்கேயோ நிற்கும், அல்லது காலையில் கிளம்பிய இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நீ குறித்த மரமெல்லாம் வரைபடத்தில் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். ஹாட்ஸ்பாட் போட்டால் இணையம் வரும். டேப்லெட்டுக்குள் ஜிபிஎஸ் முளைத்துவிடாது.

ஜிபிஎஸ் வேலை செய்ய சிம்மும் திட்டமும் வேண்டியதில்லை, இது பலருக்குத் தெரியாது. அது வானத்திலிருந்து கேட்கிற ரேடியோ மட்டும்தான். ஆனால் செயற்கைக்கோள் தன் பாதைக் குறிப்பை வினாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது, ஒரு சுற்று முடிய 30 வினாடி ஆகும். இணையம் இருந்தால் அந்தக் குறிப்பு அங்கிருந்தே சட்டென்று வந்துவிடும். இல்லாவிட்டால் அது முழுதாக வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். நடுவில் கிளை மறைத்தால் விட்டதை அடுத்த சுற்றில் பிடிக்க வேண்டும். எனவே மரத்தடியில் நின்று முதல் புள்ளியைத் தேடாதே. வெட்டவெளியில் ஒன்றிரண்டு நிமிடம் நின்று, புள்ளி அசையாமல் நின்றபின் உள்ளே போ. அந்தப் பகுதி வரைபடத்தை முந்தின நாளே வைஃபையில் இறக்கி வை. திறந்த வெளியில் பிழை ஏறக்குறைய 5 மீட்டர் இருக்கும். கிளை அடர்ந்த இடத்தில் இன்னும் கூடும். எந்த வரிசை என்று அது சொல்லிவிடும், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மரத்தில் எது என்று சொல்லாது. மரத்தின் எண்ணை மரத்திலேயே எழுதிவிடு.

ஆண்ட்ராய்டு டேப்லெட்டாக இருந்தால் கதை வேறு. வைஃபை மட்டும் உள்ள பலவற்றிலும் ஜிபிஎஸ் இருக்கும். உன் அலுவலகச் செயலி ஐபேடில் மட்டும்தான் ஓடுகிறது என்கிறாய், அதனால் செல்லுலாரே வாங்கு. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று வைஃபை வகையை வாங்கினால் பிறகு மாற்ற வழியில்லை; மோடமும் ஆன்டெனாவும் உள்ளே இருக்காது. புளூடூத்தில் இணையும் தனி ஜிபிஎஸ் கருவிகள் இருக்கின்றன. அவை நல்லவைதான், ஆனால் சார்ஜ் போட இன்னொன்று, மறந்துவிட்டுப் போக இன்னொன்று.

திட்டம் இப்போதே எடுக்காதே. இரண்டு மூன்று மாதம் ஹாட்ஸ்பாட்டிலேயே ஓட்டிப் பார், எத்தனை நாள் போன் படுத்துவிடுகிறது என்று குறித்து வை. அதன்பின் எடுப்பதானால், 2024இல் வந்த எம்4 ஐபேட் ப்ரோ, எம்2 ஐபேட் ஏர் ஆகியவற்றில் சிம் அட்டை நுழைக்கும் இடமே கிடையாது, அட்டை இல்லாமல் கருவிக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும்தான். உன் சிம் நிறுவனம் டேப்லெட்டுக்கு இ-சிம் தருகிறதா என்று வாங்குமுன் கேள். ஐபேடில் சிம் இருந்தாலும் சாதாரண அழைப்பு பேச முடியாது, ஓடிபி குறுஞ்செய்தியும் வந்து சேராது. அந்த எண்ணை வங்கியில் கொடுத்துவிடாதே.

பழையது வாங்கினால் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் திறந்து பார். ஐஎம்இஐ என்ற 15 இலக்க எண் இருந்தால்தான் அது செல்லுலார் வகை. அதே பக்கத்தில் 'கேரியர் லாக்' என்பதற்கு நேரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருக்கவேண்டும். வேறு எது இருந்தாலும் அது ஏதோ ஒரு சிம் நிறுவனத்துக்குப் பூட்டியது, உன் சிம் ஏறாது. வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் மாடல் எண்ணை வைத்து, அது எந்தெந்த அலைவரிசையைப் பிடிக்கும் என்கிற பேண்ட் பட்டியலையும் பார். 700 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைதான் தூரம் போகும். உன் சிம் நிறுவனம் அந்த வரிசையில் எந்த பேண்டைப் பயன்படுத்துகிறதோ அது டேப்லெட்டில் இல்லாவிட்டால், ஊருக்குள் முழுக் கோடு காட்டிவிட்டு நீ போகும் தோப்பில் கைவிரிக்கும்.

வாங்குமுன் மாடல் எண்ணை எனக்கு அனுப்பு, ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா